பேபி சேஃப்டி கிட்: ஒன்பது மாத உபயோகத்துக்குப் பிறகு (வாத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்)

பையன் தவழ ஆரம்பித்த வாரம் பயத்தில் வாங்கியது இது. பயத்தில் வாங்கும்போது யார் சரியாகப் பார்க்கிறார்கள்? அட்டையில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் ‘முழுமையான வீட்டுப் பாதுகாப்பு’ என்று போட்டிருந்தது, ஆர்டர் போட்டுவிட்டேன். இப்போது அவனுக்கு ஒன்றரை வயது. இந்த மாதிரிப் பொருளுக்கு வரும் விமர்சனங்களில் பாதி ‘நேற்றுதான் வந்தது, பேக்கிங் சூப்பர், ஐந்து ஸ்டார்’ வகை. பசை எத்தனை நாள் நிற்கும், அதைப் பிள்ளை என்ன செய்வான் என்பதெல்லாம் மூன்றாவது வாரத்துக்கு மேல்தான் தெரியும், அதனால்தான் இவ்வளவு நாள் கழித்து எழுதுகிறேன். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. பத்துப் பெயரில் இதே பெட்டிதான் வருகிறது, வாத்தின் நிறம் மட்டும் மாறுகிறது.

பெட்டிக்குள் மொத்தம் 46 உருப்படி. 16 மூலைக்காப்பு, விளிம்பில் ஒட்ட ஒரு சுருள் நுரைப்பட்டை, அலமாரிக் கதவுக்கு 10 ஒட்டுப் பூட்டு, 12 சாக்கெட் மூடி, கதவிடுக்கில் மாட்ட 4 நுரைத் தடுப்பு, பீரோவைச் சுவரோடு கட்ட 2 பெல்ட், அப்புறம் இலவசமாக ஒரு வாத்து. குளிக்கும் தண்ணீரில் மிதக்கவிட்டால் அதன் வயிற்றில் வெப்பநிலை எண் தெரியும். கூடவே அதே கம்பெனியின் வாக்கருக்கு ஒரு தள்ளுபடிச் சீட்டு. அந்தச் சீட்டைப் பார்த்ததும் சந்தேகப்பட்டிருக்க வேண்டும், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒட்டினேன். அம்மா வந்து கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். “ஏண்டா, இத்தனை பஞ்சை ஒட்டறதுக்கு அந்த மேசையையே தூக்கி உள் ரூம்ல போட்டுட்டா என்ன?” என்றார். உனக்கு ஒன்றும் தெரியாதும்மா என்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு ஒட்டிக்கொண்டே இருந்தேன். பிற்பாடு, பையன் ஒருநாள் என்னைப் பயமுறுத்திய பிறகு, உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தபோது வில்லியம் ஹாடன் என்ற அமெரிக்க மருத்துவரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். விபத்து என்பது விதி இல்லை, அதுவும் ஒரு நோய் மாதிரி காரண காரியத்தோடு வருவது என்று சொன்னவர்களில் முக்கியமானவர். 1970இல் காயங்களைத் தடுக்க பத்து வழிகளை வரிசையாக எழுதினார், அதில் முதல் வழி அந்த ஆபத்தை உண்டாக்காமலே இருப்பது. மேசையைத் தூக்கி உள்ளே போடு என்று அம்மா சொன்னதும் அதுதான். மெத்தை ஒட்டுவதெல்லாம் பட்டியலில் ரொம்பக் கீழே.

சரி, ஒவ்வொன்றாக.

மூலைக்காப்பு. தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் பசை நிற்காது, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, ஒட்டி, ஒரு நாள் தொடாமல் விட வேண்டும் என்று குறிப்பில் எழுதியிருக்கிறது. ஒரு நாள் தொடாமல் விடு என்று தவழும் பிள்ளையிடம் யார் சொல்வது? இருந்தாலும் அவனைப் பாட்டியிடம் விட்டுவிட்டு ஒழுங்காகவே செய்தேன். பதினாறில் ஒன்பது முதல் இரண்டு மாதத்தில் போயே போய்விட்டது. அது தானாக விழவில்லை, அவன் பிய்த்தான். அதுவரை அந்த மேசை அவனுக்கு வெறும் மேசை, மூலையில் மெத்தென்று ஒன்றை ஒட்டியதும் அது விளையாட்டுச் சாமான் ஆகிவிட்டது. ஒருநாள் வாயில் ஏதோ மென்றுகொண்டிருக்கிறானே என்று விரலை விட்டு எடுத்தால் நுரைத்துண்டு, பல் தடம் பதிந்து. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளைச் சோதிக்க ஒரு சின்னக் குழல் வைத்திருக்கிறார்கள், விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதற்குள் முழுதாக அடங்குகிற எதுவும் தொண்டையை அடைக்கலாம் என்று கணக்கு. வீட்டில் பார்க்க டாய்லெட் பேப்பர் சுற்றி வரும் அட்டைக்குழல் போதும், அது கொஞ்சம் பெரியது, அதனால் நாம் பாதுகாப்பான பக்கம்தான் தவறுவோம். அவன் கடித்த துண்டு அதற்குள் சுலபமாகப் போனது. மேசை முனையில் இடித்தால் நெற்றி புடைக்கும், சில சமயம் தையல் போட வேண்டி வரும், அதை நான் சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. ஆனால் புடைப்பைத் தடுக்க மூச்சடைப்பை வாங்குவது என்ன வியாபாரம்?

சாக்கெட் மூடியும் இதே கதை. பிளக்கைச் செருகுவதற்காக நான் மூடியைக் கழற்றுவதைத் தினமும் பார்க்கிறான், கழற்றக் கற்றுக்கொண்டான். மூடி வாயில், சாக்கெட் திறந்த நிலையில். உள்ளே தானாக மூடிக்கொள்ளும் ஷட்டர் இருக்கிற சாக்கெட் என்றால் இந்த மூடி தேவையே இல்லை, சில இடங்களில் கெடுதலும்கூட. பிரிட்டனில் சாக்கெட்டுகளுக்கு ஷட்டர் உண்டு, அங்கே மருத்துவமனைகளில் இந்த மூடிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2016இல் சுகாதாரத் துறையே எச்சரிக்கை அனுப்பியது, சரியாகப் பொருந்தாத மூடி அந்த ஷட்டரையே திறந்து வைத்துவிடும் என்பதால். உங்கள் வீட்டு சாக்கெட்டில் ஷட்டர் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றுங்கள், அவர் வந்திருக்கும்போதே மின்கசிவு வந்தால் தானாக அணையும் 30 மில்லிஆம்பியர் பிரேக்கர் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரு தடவை வேலை, யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இந்த ஞாபகம் என்பதுதான் விஷயமே. நாம் ஞாபகமாகச் செய்தால் மட்டும் வேலை செய்யும் பாதுகாப்பு, சாயந்திரம் ஆறு மணிக்கு வேலை செய்யாது. எங்கள் வீட்டில் நடந்ததையும் நடக்கவிருந்ததையும் எண்ணிப் பார்த்தால் முக்கால்வாசி அந்த நேரத்தில்தான். அடுப்பு எரிகிறது, பெரியவளுக்கு வீட்டுப்பாடம், சின்னவனுக்குப் பசி, போன் அடிக்கிறது, எங்கள் இருவருக்கும் தூக்கக் கலக்கம். பிள்ளையைக் கவனித்துக்கொள்வது என்றால் மூன்று விஷயம்: கை எட்டும் தூரத்தில் இருக்கிறோமா, கண் அவன் மேல் இருக்கிறதா, இடையில் எத்தனை தடவை விட்டுவிட்டுப் போகிறோம். ஆறு மணிக்கு மூன்றும் போய்விடும். வெறுமனே ‘ஜாக்கிரதையாக இரு’ என்று சொல்பவர்கள் இரண்டு பிள்ளைகளோடு அந்த ஒரு மணி நேரம் இருந்து பார்க்கட்டும்.

பெரியவளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அலமாரிப் பூட்டு தோற்றது அவளால்தான். பத்து ஒட்டுப் பூட்டு, இரண்டு பொத்தானை ஒரே நேரத்தில் அமுக்கினால் திறக்கும். பொருளைக் குறை சொல்ல மாட்டேன், பசையும் நன்றாக நின்றது (கழற்றும்போது அலமாரியின் மேல் பட்டையையும் உரித்துக்கொண்டு வந்தது, வாடகை வீட்டில் இருப்பவர்கள் கவனம்). ஆனால் ஆறு வயது அக்காவுக்கு அது பூட்டே இல்லை. தம்பி அழுதால் திறந்து விடுகிறாள், பாசம். அதோடு அவனுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறாள். பதினாறு மாதத்தில் அவனால் முடியவில்லை, இன்னும் கொஞ்ச நாளில் முடியும். இதில் கம்பெனி அட்டையில் ‘நூறு சதவீதம்’ என்று போடுகிறது. மருந்து பாட்டிலில் அமுக்கித் திருப்பும் மூடி இருக்கிறதே, 1967இல் ஹென்றி பிரோ என்ற கனடா நாட்டுக் குழந்தை மருத்துவரின் முயற்சியால் வந்தது, அதையே யாரும் நூறு சதவீதம் என்று சொல்வதில்லை. அமெரிக்கச் சோதனையில் மூன்றரை வயதிலிருந்து நாலேகால் வயது வரையுள்ள பிள்ளைகளிடம் அந்தப் பாட்டிலைக் கொடுத்துவிடுவார்கள், ஐந்து நிமிடம், அப்புறம் திறந்து காட்டிவிட்டு இன்னொரு ஐந்து நிமிடம். குறைந்தது 80 சதவீதம் பேரால் திறக்க முடியாவிட்டால் பாஸ். அதாவது பத்து நிமிடம் கிடைத்தால் ஐந்தில் ஒரு பிள்ளை திறக்கலாம், அப்போதும் அந்த மூடி சட்டப்படி சரியானது. பூட்டு நமக்குக் கொஞ்சம் நேரம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான் அதன் வேலை.

அதனால் கழுவும் திரவம், அடைப்பு நீக்கும் காரம், பூச்சி மருந்து எல்லாவற்றையும் கீழ் அலமாரியிலிருந்து எடுத்து மேலே, கதவோடு இருக்கிற இடத்தில் வைத்தாயிற்று. மாத்திரைகள் தனிக் கதை. நம் மாத்திரையை நாம் மேலே வைப்போம். பாட்டியின் மாத்திரை பாட்டியின் கைப்பையில் இருக்கும், பை நாற்காலியில் இருக்கும், அதுவும் விரல் நோவில்லாமல் திறக்க வேண்டும் என்று நாமே வாங்கிக் கொடுத்த லேசான மூடியுள்ள டப்பாவில். ரத்த அழுத்த மாத்திரையோ சர்க்கரை மாத்திரையோ ஒன்று இரண்டு விழுங்கினாலே போதும், சின்னப் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து. இதற்கு எந்தக் கிட்டிலும் உருப்படி கிடையாது. வந்ததும் பையை வாங்கி மேலே மாட்டுவதை ஒரு வழக்கமாக வைத்துக்கொண்டோம், அம்மாவுக்கு முதலில் கோபம்தான்.

கிட்டில் உருப்படியான உருப்படி என்றால் அந்த இரண்டு பெல்ட். ஆனால் அட்டையில் அதைப் பற்றி ஒரு வரிதான், மூலைக்காப்புக்கு அரைப் பக்கம். டிராயர் வைத்த பீரோவை யோசித்துப் பாருங்கள்: பிள்ளை கீழ் டிராயரை இழுக்கிறான், அடுத்ததை இழுக்கிறான், அது அவனுக்குப் படிக்கட்டு. டிராயர்கள் வெளியே வந்ததும் எடை முன்னால் வந்துவிட்டது, அதன் மேல் அவன் எடை, மேலே டிவி வைத்திருந்தால் அதுவும். அத்தனையும் அவன் மேலேயே சாயும். அமெரிக்காவில் 2022இல் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள், டிராயர்கள் திறந்த நிலையில், பிள்ளையின் எடையும் சேர்ந்த நிலையில் சாய்கிறதா என்று சோதிக்க வேண்டும். பெல்ட் நல்ல விஷயம், அதோடு வந்த திருகாணி மோசம். ஒரு விரலளவுகூட இல்லை, சுவரின் பூச்சில் மட்டும்தான் பிடிக்கும், ஒரு இழு இழுத்தால் சாந்தோடு கையில் வந்துவிட்டது. நீளத் திருகாணியும் பிளக்கும் தனியாக வாங்கிச் செங்கல் வரை துளை போட்டு மாட்டினேன். மாட்டிய பிறகு நீங்களே தொங்கிப் பாருங்கள். கனமான சாமானைக் கீழ் டிராயருக்கு மாற்றுங்கள், பிள்ளை ஆசைப்படும் ரிமோட்டையும் பொம்மையையும் பீரோ மேல் வைக்காதீர்கள்.

கதவிடுக்குத் தடுப்பு பரவாயில்லை. கதவு பட்டென்று சாத்துவதைத் தடுக்கிறது. கீல் பக்கம் இருக்கும் இடுக்குக்கு இது உதவாது, விரல் நசுங்குவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் மோசம்.

கேட் இந்தப் பெட்டியில் வரவில்லை, அதே கம்பெனியில் தனியாக வாங்கினேன். இரண்டு பக்கமும் அழுத்தி நிற்கும் வகை. சமையலறை வாசலில் போட்டோம், இதுவரை வாங்கியதில் இதற்குத்தான் என் முழு ஓட்டு, ஆறு மணிப் பிரச்சினைக்குப் பாதிப் பதில் இதுதான். மாடிப்படியின் மேல் முனையில் மட்டும் இந்த வகையைப் போடாதீர்கள். பிள்ளை சாய்ந்தால் நழுவலாம், கீழே குறுக்கே ஒரு கம்பி வேறு ஓடுகிறது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் பெரியவரே அதில் தடுக்கி விழலாம். அங்கே சுவரில் திருகி மாட்டும் கேட்தான் வேண்டும். கம்பிகளின் இடைவெளியையும் பாருங்கள், மாடிக் கைப்பிடியில் 10 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் உடம்பு நுழைந்து தலை மாட்டும்.

வாக்கர் சீட்டைக் கிழித்துப் போட்டேன். அதில் உட்கார்ந்த பிள்ளை ஒரு நொடியில் ஒரு மீட்டருக்கு மேல் போய்விடும், நாம் எழுந்திருப்பதற்குள் படிக்கட்டு. உயரமும் கொடுக்கிறது, அடுப்பு மேடைக்குக் கை எட்டும். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. பாதுகாப்புக் கிட் விற்கிற கம்பெனியே அதே பெட்டியில் வாக்கரையும் விற்கப் பார்க்கிறது.

இனி வாத்து.

முதலில் நல்லது சொல்கிறேன். அதன் எண் சரியாகத்தான் காட்டியது, சாதாரண வெப்பமானியோடு வைத்துப் பார்த்தேன். பிள்ளை குளிக்கும் தண்ணீர் 37, 38 டிகிரி இருந்தால் போதும். சும்மா இருக்கட்டுமே என்று குழாயில் வரும் வெந்நீரில் பிடித்தால் 61 காட்டியது. 60 டிகிரித் தண்ணீர் பெரியவர்கள் தோலையே ஐந்து நொடியில் ஆழமாகப் பொசுக்கும். 49 டிகிரியில் அதே காயத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும், மோரிட்ஸும் ஹென்ரிக்ஸும் 1947இல் அளந்து எழுதியது. பிள்ளைகளின் தோல் மெலிசு, இன்னும் சீக்கிரம். அன்றைக்கே ஹீட்டரின் திருகை 49க்குக் கீழே இறக்கினேன். திருகைச் சுற்றினால் அரை நிமிட வேலை, இத்தனை வருஷம் செய்யவில்லை. வாளியில் கலக்குகிறவர்கள் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர். சுட்டுவிட்டால் ஓடும் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம், ஐஸ் வேண்டாம், பேஸ்ட் வேண்டாம்.

இப்போது கெட்டது. வாத்தின் அடியில் ஒரு மூடி, நகத்தால் நெம்பினால் திறக்கிறது, உள்ளே 20 மில்லிமீட்டர் பட்டன் பேட்டரி. இந்த 46 உருப்படியில், ஏன், என் வீட்டில் இருந்த அத்தனை சாமானிலும் உயிருக்கு ஆபத்தானது எது என்றால் இதுதான். அந்த அளவு பேட்டரி சின்னப் பிள்ளையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கிக்கொள்ளும். சிக்கியதும் ஈரமான சதை வழியாக மின்சாரம் ஓடும், பேட்டரியின் மைனஸ் முனைப் பக்கம் காரம் உண்டாகும், அடைப்பு நீக்கும் திரவத்தில் இருக்கிறதே அந்த மாதிரிக் காரம். இரண்டு மணி நேரத்தில் கடுமையாக அரித்துவிடும். கருவியை இயக்கச் சக்தி இல்லாமல் நாம் தூக்கிப்போடும் பழைய பேட்டரியிலும் இதற்குப் போதுமான மின்சாரம் இருக்கும். முதலில் பெரிய அறிகுறியும் இருக்காது, எச்சில் வடியும், சாப்பிட மாட்டேன் என்பான், இருமல், சளி என்று நினைப்போம். 2022இல் அமெரிக்காவில் இதற்கும் சட்டம் வந்தது, அதையொட்டி வந்த விதிப்படி மூடியைத் திறக்க ஸ்க்ரூ டிரைவரோ நாணயமோ வேண்டும், இல்லையென்றால் இரண்டு அசைவை ஒரே நேரத்தில் செய்தால்தான் திறக்க வேண்டும். இந்த வாத்துக்கு ஒரு நகம் போதும், அதுவும் பிள்ளை கையில் கொடுக்கவே செய்த மஞ்சள் வாத்து.

விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே எடுக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள், விழுங்க முடிகிற நிலை என்றால் போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை 10 மில்லி தேன், ஆறு தடவை வரை கொடுக்கலாம் என்று அமெரிக்க நச்சு மைய வழிகாட்டுதல் சொல்கிறது. தேன் அரிப்பைத் தாமதப்படுத்தும், மருந்து அல்ல, தேனுக்காக ஒரு நிமிடம்கூட நிற்கக்கூடாது. ஒரு வயதுக்குள் தேனே கூடாது.

பையன் என்னைப் பயமுறுத்தியதாகச் சொன்னேனே, அது பேட்டரி இல்லை, வாளி. பதினான்கு மாதம் அப்போது. துடைத்துவிட்டு வைத்த வாளியில் அரைவாசித் தண்ணீர், நான் துணியைக் காயப்போடப் போய்த் திரும்பினால் வாளி விளிம்பில் வயிற்றை வைத்துக் குனிந்து நிற்கிறான், குதிகால் இரண்டும் தரையை விட்டு எழும்பியிருந்தது. அந்த வயதில் தலைதான் கனம், தலை உள்ளே போனால் தன்னால் வெளியே எடுக்க முடியாது, வாளியும் கவிழாது. மூக்கும் வாயும் முங்க 5 சென்டிமீட்டர் தண்ணீர் போதும். கத்தவும் மாட்டார்கள், சத்தமே இருக்காது, அதுதான் இன்றைக்கும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. 2008இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில், தற்செயலான காயங்களால் உலகத்தில் நாளொன்றுக்கு 2,000 பிள்ளைகளுக்கு மேல் இறக்கிறார்கள் என்று இருக்கிறது. சாலை விபத்து, தண்ணீரில் மூழ்குவது, தீ, விழுவது, நஞ்சு. இந்த ஐந்து வகையில் நான்கு வீட்டுக்குள்ளும் நடப்பவை. வாளியைக் கவிழ்த்து வைக்க எந்தக் கிட்டும் வேண்டாம், அதனால்தான் எந்தக் கிட்டும் அதைச் சொல்வதில்லை.

ஸ்டார் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. பெல்ட், பூட்டு இரண்டையும் தனியாக நல்லதாக வாங்கிக்கொள்ளுங்கள், கேட் வாங்குங்கள், மீதி வேண்டாம். மேசை இப்போது உள் ரூமில் இருக்கிறது.

வாத்தின் மூடியைப் பற்றிப் போட்டோவோடு கம்பெனிக்கு எழுதினேன். பேட்டரி எப்படித் திறக்கிறது என்று வீடியோவே எடுத்து அனுப்பினேன். நான்கு நாளில் பதில் வந்தது, சிரமத்துக்கு வருந்துகிறோம், குறைபாடுள்ள பொருளை மாற்றித் தருகிறோம் என்று. அடுத்த வாரம் புது வாத்து வந்தது, நீல நிறம். அதே மூடி.